இருபத்துமூன்று பேர் ஏறிய கிற்றார்

கொட்டாஞ்சேனையில் பிறெடி என்று கேட்டால் நாலு பேரைக் காட்டுவார்கள். தகடு பிறெடி என்று கேட்டால் ஒருவனைத்தான் காட்டுவார்கள், அதையும் சிரித்துக்கொண்டு காட்டுவார்கள். அவன் எனக்குச் சின்னம்மா மகன், நான் அவனுக்குப் பெரியக்கா. என்னைப் பெற்ற செசிலியாவும் அவனைப் பெற்ற மதலேனும் பாஷையூரில் ஒரு வீட்டுப் பிள்ளைகள். ஒரே வருசத்தில் கலியாணம் கட்டிக் கொழும்புக்கு வந்தவர்கள். பிறெடிக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று எனக்கு ஒன்பது வயது. அவன் அழவில்லை. ஃபாதருடைய வெள்ளை உடுப்பில் வாயிலிருந்த பாலைக் கக்கி ஒரு படம் போட்டான். வெறுமையாக இருக்கிற எதையும் சும்மா விடக்கூடாது என்ற குணம் அன்றைக்கே வந்துவிட்டது.

இளவயதில் கொச்சிக்கடைப் பக்கம் துறைமுகத்துப் பண்டகசாலையில் வேலை. பெட்டிகளின் மேல் எழுத்து வெட்டிய தகட்டை வைத்து, மை பூசி, இன்ன ஊருக்கு இன்ன சரக்கு என்று அடிக்கிற வேலை. பதினெட்டு வருசம் அடித்தான். பிறகு வேலை போனது, வியாதி போகவில்லை. வெறும் பலகையைக் கண்டால் கை அரிக்கும். வீட்டு முன்னறையில் ஒரு சின்ன வாளையும் துளைக்கிற மெஷினையும் வைத்துக்கொண்டு பேர்ஸ்பெக்ஸ் என்கிற பிளாஸ்ரிக் தகட்டில் பெயர்ப்பலகை வெட்டத் தொடங்கினான். வீட்டுப் பெயர், டொக்டர்மாரின் கதவு, கல்லறைத் தகடு, எல்லாம் செய்வான். அவனுடைய சொந்தக் கதவில் மூன்று பலகை உண்டு. அவனுக்கு ஒன்று, பெண்சாதி எமில்டாவுக்கு ஒன்று, செத்துப்போன நாய்க்கு ஒன்று. நாயின் பலகைதான் பெரிது.

அவனிடம் ஒரு குறை. அளக்க மாட்டான். அடிமட்டம் மேசையில் கிடக்கும், தேத்தண்ணிக் கோப்பையில் இலையான் விழாமல் மூடுவதற்கு. முதல் எழுத்தை ஆனையளவுக்கு வெட்டுவான். வரி முடிகிற இடத்துக்கு வரும்போது எழுத்து எறும்பாகிவிடும். ஒரு பல் டொக்டருக்கு அவன் செய்த பலகையில் டொக்டரின் பெயர் தெருமுனைக்குத் தெரியும். பல் என்ற சொல்லை வாசிக்க, பல்லு அந்தப் பலகையில் முட்டுகிற அளவுக்குக் கிட்டப் போக வேண்டும்.

இனிக் கிற்றார். அதற்குச் சஜீத்தைத்தான் பிடிக்க வேண்டும். பக்கத்துத் தெருவில் வாத்தியக் கடை வைத்திருக்கிற பெடியன், நல்லவன். திருத்த வந்த ஒரு கிற்றாரில் தகடு உரிந்துபோயிருந்தது. கிற்றாரைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஒரு வட்ட ஓட்டை. அதற்குக் கீழே, வாசிக்கிறவருடைய கை உரசுகிற இடத்தில், பலகையில் கீறல் விழாமலிருக்க மெல்லிய கறுப்புத் தகடு ஒன்று ஒட்டியிருக்கும். பிக்கார்ட் என்று சஜீத் சொல்வான். உள்ளங்கையளவு, கண்ணீர்த்துளி மாதிரி வடிவம். அப்படியொன்று இருப்பதே தெரியாது. இருப்பதே தெரியாமல் ஒரு தகடு இருக்கலாமா? பிறெடிக்கு அது பொறுக்கவில்லை.

"பிறெடி அண்ணன், பழைய மாதிரியே ஒண்டு வெட்டித் தாங்க. வேற ஒண்டும் வாணாம்," என்று சஜீத் சொல்லிவிட்டுத்தான் போனான்.

பிறெடி அன்னம் வெட்டினான். ஒரு கிளினிக் பலகையில் மிஞ்சிய வெள்ளைத் தகட்டில் வெட்டிய அன்னம். கழுத்து தண்ணீர்க் குழாய் மாதிரி வளைந்து போய் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தது. உள்ளே ஏதோ விழுந்துவிட்டது போல. சஜீத் தலையில் கை வைத்தான். ஆனால் கிற்றாரின் சொந்தக்காரன், கலியாண வீடுகளில் பாடுகிறவன், பார்த்துவிட்டுக் கட்டிப்பிடித்தான். ருசி கெட்டவர்கள் ஊரில் தனித்தனியாக இருப்பதில்லை. எப்படியோ ஒருவரை ஒருவர் கண்டுபிடித்துவிடுவார்கள். அடுத்த மாதமே பேலியகொடை மீன் முதலாளி ஒருவர் தன் கிற்றாரோடு வந்தார். அவருக்குச் சூரை மீன் வெட்டிக் கொடுத்தான், கண்ணுக்குச் சட்டைப் பொத்தான் வைத்து. "ஷோக், மல்லி, ஷோக்!" என்று, சிங்களத்தில் தம்பி என்றழைத்து, அந்த மனிதர் முதுகில் தட்டிய தட்டில் பிறெடிக்கு இரண்டு நாள் இருமல்.

வெள்ளவத்தையிலிருந்து உமாசுதன் என்று ஒரு பெடியன் வந்து இலங்கைப் படம் கேட்டான். பிறெடி வழக்கம்போல் கீழேயிருந்து தொடங்கினான். காலியும் மாத்தறையும் ஆனையளவு. மேலே வர வரக் கிற்றாரின் ஓட்டை வந்துவிட்டது. வவுனியாவோடு படம் முடிந்தது.

"ஐயா, யாழ்ப்பாணம் எங்க?" என்று பெடியன் கேட்டான்.

"ஓட்டைக்குள்ள போயிட்டுது, தம்பி. சத்தம் அங்கயிருந்துதானே வரும்."

பெடியன் யோசித்துப் பார்த்துவிட்டு அதுவும் சரிதான் என்று வாங்கிக்கொண்டு போனான்.

எங்கள் பங்குக் கோயிலில் பாடகர் குழுவை நடத்துகிற கொறெற்றி ரீச்சருக்கு மட்டும் இதெல்லாம் ஆகாது. நாற்பது வருசமாகக் கிற்றார் வாசிக்கிறவர், நாக்கில் அரம் வைத்தவர். சூரை மீனைப் பார்த்த அன்று சொன்னார்: "பிறெடி, ஆண்டவர் இதைக் கண்டா, குருடருக்குப் பார்வை குடுத்ததை நினைச்சுக் கவலைப்படுவார்."

பிறெடி அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

இவ்வளவும் சிரிப்பாக இருந்தாலும் அவனுக்கு உள்ளே ஒரு முள் இருந்தது. அவனுடைய அக்கா ஜெசிந்தா அவனோடு கதைப்பதில்லை. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, பதினொரு வருசம்.

சின்னம்மா இரண்டாயிரத்துப் பன்னிரண்டு ஆவணியில் மோசம் போனார். பொரளையில் அடக்கம். முப்பத்தோராம் நாள் பிறெடி தன் கையால் வெட்டிய தகட்டைக் கல்லறையில் பதித்துவிட்டுத் துணியை விலக்கினான். 'அன்பு மகன் பிறெடி' என்று ஆனையளவில் ஒரு வரி. அடுத்து 'மருமகள் எமில்டா'. பிறகு அவனுடைய பிள்ளைகள், எழுத்து சுருங்கிச் சுருங்கி. அடியில், 'மற்றும் குடும்பத்தினர்'. ஜெசிந்தா இரண்டு தரம் வாசித்தாள்.

"பிறெடி, நான் எங்க?"

அந்த மடையன் குனிந்து விரலால் தொட்டுக் காட்டினான். "இஞ்ச இருக்கிறாய் அக்கா. மற்றுமுக்குள்ள."

ஜெசிந்தா மூத்த பிள்ளை. தாயின் வாய்க்குக் கடைசித் தண்ணீர் ஊற்றினவள். நேரே போய் வான் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவு பிறகு திறக்கவில்லை. கனடாவில் இருக்கிற தம்பி மரியதாசனும் மற்றுமுக்குள்தான் இருந்தான். அவனுக்கு அது தெரியவும் தெரியாது, தெரிந்தாலும் ஒன்றுமில்லை. ஜெசிந்தாவுக்கு அப்படியா? அவள் புருசன் நாகேந்திரம் சைவக்காரர், பாங்கில் வேலை பார்த்தவர். கலியாணத்தின்போதே இரண்டு பக்கமும் முகம் சுளித்தவர்கள் உண்டு. சைவக்காரனைக் கட்டினதால்தான் தம்பி தன்னைக் கல்லறையிலிருந்து தள்ளிவிட்டான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

அப்படி ஒரு மண்ணும் இல்லை. தகட்டில் இடம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். இதை நான் அவளிடம் சொன்னேன். "அளக்கத் தெரியாதவனுக்குத் தன்ர பேர் மட்டும் எப்பிடி, பெரியக்கா, முதலாவதா வந்தது?" என்று கேட்டாள்.

ஒவ்வொரு மார்கழியும் நத்தார்ப் பண்டிகைக்குப் பிறெடி ஒரு கேக்கை என் கையில் தருவான். நான் பஸ் ஏறி வெள்ளவத்தைக்குக் கொண்டு போவேன். ஜெசிந்தா பெட்டியைத் திறக்காமலே திருப்பித் தருவாள். பிறெடியிடம் திருப்பிக் கொடுத்தால் அவன் முகத்தைப் பார்க்க முடியாது. ஆகவே பதினொரு வருசமாக அந்தக் கேக்கை நான்தான் தின்றேன். நல்ல கேக். எமில்டாவுக்கு வேறொன்றும் வராது, கேக் வரும்.

போன வருசத்துக்கு முந்தின வருசம் கோயில் கிற்றாரின் கழுத்து வெடித்துவிட்டது. யாராவது ஒன்று கொடுத்தால் நல்லது என்று ஃபாதர் பிரசங்கத்தில் சொன்னார். அன்று பின்னேரமே பிறெடி என்னிடம் வந்தான்.

"பெரியக்கா, அம்மான்ர நினைவுப் பூசைக்கு நான் ஒரு கிற்றார் குடுக்கப் போறன். தகட்டில அக்கான்ர பேரை முதலாவதாப் போடுறன். நீங்க போய்ச் சொல்லுங்கோ. அவ ஒருக்கா வந்து பாத்தாப் போதும். பாத்தா என்னோட கதைப்பா."

எங்கள் ஆட்களைத் தெரியும்தானே. கோயிலுக்கு ஒரு மின்விசிறி கொடுத்தால் மூன்று இறக்கையிலும் பெயர் எழுதுவார்கள். ட்யூப் லைட்டில் பாட்டன் பெயரிலிருந்து எழுதி, வெளிச்சம் வருகிற இடத்தை மூடிவிடுவார்கள். சைவக் கோயிலிலும் அதுதான், எங்கள் கோயிலிலும் அதுதான். கிற்றாரில் பெயர் எழுதுவது எனக்குப் பிழையாகப் படவில்லை. பஸ் ஏறினேன்.

நாலாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஜெசிந்தா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"பிறெடி கோயிலுக்குக் கிற்றார் குடுக்கிறான், சின்னம்மான்ர பேரில."

"குடுக்கட்டும். தன்ர பேரை அடிச்சுக் குடுக்கட்டும்."

"உன்ர பேர்தான் முதல்."

கத்தி நின்றது. "என்ர பேரோ, மற்றுமோ?"

"உன்ர பேர். உன்ர புருசன்ர பேரும்."

"முழுசாவோ?"

"முழுசா. நாகேந்திரம் எண்டு, ஓரெழுத்தும் விடாமல்."

நாகேந்திரம் பேப்பரை இறக்கினார். "மச்சாள், நான் சைவக்காரன். வேதக் கோயில் கிற்றாரில எனக்கென்ன அலுவல்? என்னை மற்றுமுக்குள்ளயே விடுங்கோ. பதினொரு வருசமா அங்க நிம்மதியா இருக்கிறன்."

"நீங்க சும்மா இருங்கோ!" என்றாள் ஜெசிந்தா. பிறகு கத்தியை என் பக்கம் நீட்டிச் சொன்னாள்: "பெரியக்கா, வருவன். பேரைப் பாக்கத்தான் வருவன். அவனோட கதைக்க வாறன் எண்டு ஒருத்தரும் நினைக்கக் கூடாது. என்ர பேர் எமில்டான்ர பேருக்கு மேல இருக்கோணும். மேல எண்டா மேல. பக்கத்தில வச்சுப்போட்டுச் சமாளிக்கிறேல்ல."

இதோடு நின்றிருந்தால் நல்லது. நிற்காததற்கு நானும் ஒரு காரணம்.

ஜெசிந்தாவைப் போட்டுவிட்டு மரியதாசனை விடலாமா என்று பிறெடியிடம் கேட்டேன். விடக்கூடாது. மரியதாசனைப் போட்டால் அவனுடைய பெண்சாதி இருக்கிறாள், போனில் அழுகிறதில் கெட்டிக்காரி. சின்னம்மாவின் தமையன் சவிரிமுத்தரின் மக்கள் மூன்று பேர் சவப்பெட்டி தூக்கினவர்கள். அதில் நடுவிலான் கோபக்காரன். கடைசி மூன்று மாதமும் சின்னம்மாவுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த நீர்கொழும்பு மச்சாளை மறந்தால் பாவம். அந்த மச்சாளைப் போட்டால், கஞ்சி கொண்டுவராமல் கொண்டுவந்தேன் என்று சொல்லித் திரிகிற அவளுடைய தங்கச்சியையும் போட வேண்டும். பெயர்கள் என் வாயிலிருந்து நூல் மாதிரி வந்தன. என் பெயரையும் சொன்னேன். இவ்வளவு ஞாபகம் வைத்திருந்து எனக்கென்ன லாபம்?

பிறெடி எல்லாவற்றையும் ஒரு சிகரெட் பெட்டியின் பின்பக்கம் எழுதிக்கொண்டான். இருபத்துமூன்று பெயர்.

தகடு உள்ளங்கையளவில் தொடங்கியது. ஜெசிந்தாவும் நாகேந்திரமும் ஏறியவுடன் உள்ளங்கை முடிந்துவிட்டது. ஓட்டையைச் சுற்றி வந்தான். இடம் போதவில்லை. கம்பி கட்டியிருக்கிற கட்டையைச் சுற்றிக் கீழே இறங்கினான். கடைசியில் கிற்றாரின் முகத்தில் முக்கால்வாசி கறுப்புத் தகடு, தங்கநிற எழுத்து. வடிவம் என்னடா என்று கேட்டேன். சம்மனசின் செட்டை, அதாவது தேவதூதரின் சிறகு, என்றான். எனக்கு அது வெட்டிக் காயப்போட்ட கருவாடாகத்தான் தெரிந்தது. ஒரு மூலையில் மெழுகுதிரி, பார்த்தால் செத்தல் மிளகாய். இரண்டு புறா, ஒன்றுக்கு மூன்று கால். மேலே 'நினைவாக', நடுவில் சின்னம்மாவின் படம். எந்த இடத்தில் தெரியுமா? வாசிக்கிறவர் அடிக்கிற அடி நேராக மூக்கில் விழுகிற இடத்தில்.

சஜீத் ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அல்லாஹ்வே! பிறெடி அண்ணன், கிற்றாருக்குக் கதவு போட்டீக்கிறீங்களா?"

"பேர் கூடிப் போச்சு, தம்பி."

"சத்தம் கம்பியால மட்டும் வாறல்ல, அண்ணன். மேல் பலகை ஆடோணும். நீங்க அதுக்கு மேல ஒரு கலியாணப் பந்தியையே இருத்தி வெச்சீக்கிறீங்க. இருபத்திமூணு பேர் ஏறி இருந்தா அது எப்பிடி ஆடும்?"

"சத்தம் கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்ல. பேர் தெரியோணும்," என்றான் பிறெடி.

பூசைக்கு முதல் நாள் மத்தியானம் கடைசி எழுத்தை ஒட்டினான். நான் மேலிருந்து கீழே வாசித்துப் பார்த்தேன். எல்லாரும் இருந்தார்கள்.

"டேய், உன்ர பேர் எங்க?"

பிறெடி சிரித்தான். பிறகு குனிந்து பார்த்தான். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக, கோப்பையின் மேலிருந்த அடிமட்டத்தை எடுத்தான். தகட்டில் மிஞ்சியிருந்தது ஒரு பெருவிரல் அகலம். "ஐயோ பெரியக்கா," என்றான். புதிதாக வெட்ட நேரமில்லை. மேசை லாச்சியை இழுத்துக் கிண்டினான். வேறு யாருக்கோ வெட்டி மிஞ்சிய சின்ன எழுத்துகள் இரண்டு சொல்லாக அப்படியே கிடந்தன. சரியாக அந்த இடத்துக்குள் அடங்கின. 'மற்றும் குடும்பத்தினர்'. ஒட்டிவிட்டு, "விடுங்கோ, ஆர் பாக்கப் போகினம்," என்று கை கழுவப் போனான்.

ஞாயிறு காலைப் பூசை. கிற்றாரைச் சின்னம்மாவின் பழைய வெள்ளைச் சீலையால் மூடிக் காணிக்கை ஊர்வலத்தில் பிறெடியே தூக்கிக்கொண்டு போனான். கடைசி வரிசையில் இருக்கிற மர வாங்கில் ஜெசிந்தா, நேராகப் பீடத்தைப் பார்த்தபடி. பக்கத்தில் நாகேந்திரம், எப்போது எழும்புவது எப்போது இருப்பது என்று தெரியாமல் பாதி எழும்பியபடி. ஃபாதர் சீலையை விலக்கினார். ஆசீர்வதிக்கத் தூக்கிய கை கொஞ்ச நேரம் மேலேயே நின்றது. பிறகு தீர்த்தத்தைத் தெளித்து, கொறெற்றி ரீச்சரிடம் கொடுத்தார். ரீச்சர் அதை வாங்கிய விதம், யாரோ பெற்ற நனைந்த பிள்ளையை வாங்குகிற மாதிரி.

நற்கருணைப் பாட்டு. ரீச்சர் முதல் அடி அடித்தார். சின்னம்மாவின் மூக்கில் விழுந்தது. டொக் என்றது. அலுமாரிக் கதவைத் தட்டினால் கேட்குமே, அந்தச் சத்தம். ரீச்சர் உரத்து அடித்தார். அலுமாரியும் உரத்துத் தட்டுப்பட்டது. பாடகர் குழு சுருதி தெரியாமல் ஆளுக்கொரு தெருவில் போனது. இரண்டாம் அடியில் தகட்டின் ஒரு மூலை எழும்பியது. பிறெடி அதை வாகன நம்பர் பிளேட் ஒட்டுகிற டேப்பால் ஒட்டியிருந்தான். கொழும்பு வெக்கைக்கு அது எத்தனை நேரம் தாங்கும்? எழும்பின மூலை குளவி மாதிரி இரைந்தது. கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

ரீச்சர் வாசிப்பை நிறுத்தினார். மூலைக்குள் இரண்டு விரலை விட்டார். ஒரே இழுவை. பர்ர்ர் என்று பீடம் வரைக்கும் கேட்டது. இருபத்துமூன்று பேரையும் தூக்கி வாங்கில் போட்டுவிட்டு மறுபடி அடித்தார். அப்போதுதான் எங்களுக்கெல்லாம் தெரிந்தது அது எவ்வளவு நல்ல கிற்றார் என்று. மணி மாதிரி இருந்தது சத்தம்.

முன் வாங்கில் பிறெடி கைகட்டி நின்றான். காது சிவந்துவிட்டது. ஒரு தரம் பின்னால் திரும்பிக் கடைசி வாங்கைப் பார்த்தான். அவள் பீடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூசை முடிந்து அவன் தகட்டை எடுக்கப் போனபோது ஜெசிந்தா அங்கே நின்றாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டு, தகட்டை வெளிச்சத்துக்குப் பிடித்து, விரலை வைத்து வாசித்தாள். முதல் பெயர் அவளுடையது. நாகேந்திரம் முழுசாக இருந்தார். எமில்டா கீழே இருந்தாள். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. அடிக்கு வந்து நின்றது. மறுபடி மேலே போய், மறுபடி இறங்கி வந்தது.

"டேய்."

பதினொரு வருசத்துக்குப் பிறகு வந்த முதல் சொல் அதுதான்.

"உன்ர பேர் எங்க?"

பிறெடி என்னைப் பார்த்தான். நான் அந்தோனியார் சுரூபத்தைப் பார்த்தேன்.

அவள் அந்தக் கடைசி வரியில் விரலை வைத்தாள். "இதுக்குள்ளயோ நிக்கிறாய்?"

"ஓம் அக்கா," என்றான். பொய் சொன்னான் என்று யாரும் சொல்ல முடியாது.

"எல்லாரையும் மேல ஏத்திப்போட்டு, நீ போய் மற்றுமுக்குள்ள நிக்கிறியோ? எனக்காகவோடா?"

பிறெடி மூக்கை உறிஞ்சினான். அவ்வளவு புத்தி அவனுக்கு எங்கிருந்து வந்ததோ, வாயைத் திறக்கவில்லை.

ஜெசிந்தாவுக்குக் கண்ணீர் கொட்டியது. கொட்டிக்கொண்டே ஏசினாள். "விசரன்! அம்மான்ர முகத்தை எங்க கொண்டுபோய் வச்சிருக்கிறாய்? இது செட்டையோ, கருவாடோ? புறாவுக்கு ஆரடா மூண்டு கால் வைக்கிறது? இவ்வளவு அசிங்கமான சாமானை நான் என்ர சீவியத்தில காணேல்ல!" என்று சொல்லிச் சொல்லி அந்தத் தகட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். பிறெடி ஒவ்வொரு ஏச்சுக்கும் "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்று தலையாட்டினான், பரிசு வாங்குகிற பிள்ளை மாதிரி. அன்று மத்தியானம் நாயின் பலகைக்குக் கீழால் நுழைந்து அவன் வீட்டில் சோறு தின்றாள். இரண்டாம் தரமும் கறி கேட்டாள்.

கிற்றாரின் முகத்தில் டேப் பிடுங்கின இடம் கருவாட்டு வடிவத்தில் வெளிறிப்போய் இன்றைக்கும் இருக்கிறது. போன மாதம் பிறெடி மெல்ல ரீச்சரிடம் போய், "வெறுமையாக் கிடக்குது ரீச்சர், ஒரு சின்னத் தகடு..." என்று தொடங்கினான்.

"கிட்ட வந்தீங்களெண்டா உங்கட பேரை நான் வெட்டுவன், பிறெடி. பொரளையில, கல்லில," என்றார் ரீச்சர். கிற்றாரை இப்போது பூட்டி வைக்கிறார்.

தகடு வெள்ளவத்தையில் ஜெசிந்தாவின் வாசலுக்கு நேரே தொங்குகிறது. நாகேந்திரத்துக்குத்தான் கரைச்சல். "மச்சாள், நினைவாக எண்டு மேல கிடக்குது, கீழ என்ர பேர் தங்க எழுத்தில. வாறவை எல்லாம் என்னைக் கண்டு திடுக்கிடுகினம்," என்கிறார். ஜெசிந்தா கேட்பதாயில்லை. வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, விரலை அடி வரியில் வைத்து, எல்லாருக்கும் இடம் கொடுத்துவிட்டுத் தன் பெயரை விட்ட தம்பியின் கதையைச் சொல்கிறாள். சொல்லும்போது என்னைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவாள். "என்ன பெரியக்கா, அப்பிடித்தானே?"

அந்தப் பெருவிரல் அகலத்தை அவன் அடிமட்டம் வைத்து அளந்தபோது பக்கத்தில் இருந்தவள் நான். நத்தார் கேக் இப்போது நேராக அவளுக்கே போய்ச் சேர்கிறது. எனக்கு அவள் பொரிக்கிற மீன் ரோல்ஸ்தான் மிச்சம். ஒன்றை எடுத்து வாய் நிறையக் கடித்துக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டுகிறேன்.